மீள்தயாரிப்பு எஞ்சின் என்ற பெயரில் விற்கப்படுவது என்ன?

தம்புள்ளையிலிருந்து பேலியகொடைக்கு வரும் மரக்கறியும், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் வெங்காயமும், கொழும்புத் துறைமுகத்திலிருந்து மலையகத்துக்கும் கிழக்குக்கும் செல்லும் மாவும் சீமெந்தும் லொறிகளிலேயே ஏறி இறங்குகின்றன. இந்த லொறிகள் அனைத்தும் பெரிய கம்பனிகளுக்குச் சொந்தமானவை அல்ல. ஒரு லொறியை, மிஞ்சினால் இரண்டை வைத்துக்கொண்டு, தாமே உரிமையாளராகவும் தாமே சாரதியாகவும் இருந்து குடும்பத்தைக் கொண்டு நடத்துவோர் நம்மவர் மத்தியில் ஏராளம். அத்தகைய ஒருவரின் லொறி எஞ்சின் நடுவழியில் கைவிட்டுவிட்டால், அவர் இறுதியில் வந்து நிற்கும் இடம் தெமட்டகொடை, மருதானை, பஞ்சிகாவத்தை வட்டாரமே. நாடெங்கும் ஓடும் வாகனங்களுக்கு உயிர் கொடுக்கும் சந்தை அது.

அங்கே அவர் கேட்பது ஒரு எஞ்சின். அவருக்குக் கிடைக்கும் பதில் 'ரீகண்டிஷன்' என்ற ஒரே சொல். 'ஜப்பான் சாமான்', 'ஓடாத சாமான்', 'புதுசு மாதிரி' என்பன அச்சொல்லுடன் ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழிகள். பல இலட்சம் ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் பெற்றுக்கொள்ளும் பில்லில் 'எஞ்சின் 1' என்பதற்கு மேல் எதுவும் இருப்பது அரிது. அந்த எஞ்சின் மூன்று ஆண்டுகள் ஓடலாம்; மூன்று மாதத்தில் ஓயில் குடிக்கவும் தொடங்கலாம். இரண்டில் எது நடக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று தொழிலில் உள்ளவர்களே சொல்லப் பழகிவிட்டனர். ஒரு குடும்பத்தின் ஜீவனோபாயம் அதிர்ஷ்டத்தில் தொங்குவதை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் இங்கு பிரச்சினை எஞ்சின் பழையது என்பதல்ல. வெவ்வேறு தரத்திலான மூன்று பொருட்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன என்பதே பிரச்சினை. இதைப் புரிந்துகொண்டால்தான் வாங்குபவர் என்ன கேட்க வேண்டும், அரசு என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

முதலாவது, வெளிநாட்டில் ஓடிய வாகனத்திலிருந்து கழற்றி, கொள்கலனில் ஏற்றிவரப்பட்ட எஞ்சின். அது திறக்கப்பட்டிருக்காது, உள்ளே எந்தப் பாகமும் மாற்றப்பட்டிருக்காது. வெளிப்புறம் கழுவப்பட்டு, சில வேளை வர்ணமும் பூசப்பட்டிருக்கும். இலங்கையில் ரீகண்டிஷன் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். சரியான பெயர் 'பாவித்த எஞ்சின்'. இது நல்ல பொருளாகவும் இருக்கலாம். ஆனால் அதன் நன்மை தீமை இரண்டும் முந்திய உரிமையாளர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தவை. அதற்கு இங்கே சாட்சி இல்லை.

இரண்டாவது, உள்ளூர்ப் பட்டறையில் ஓவர்ஹோல் செய்யப்பட்ட எஞ்சின். லைனர், பிஸ்டன், ரிங், பெயாரிங் ஆகியன மாற்றப்பட்டு, கிராங்க் ஷாஃப்ட் தேவைக்கேற்பக் கடைந்து சீர்செய்யப்பட்டு, சிலிண்டர் ஹெட் மட்டப்படுத்தப்பட்டிருக்கும். இதன் தரம் முழுக்க முழுக்கச் செய்தவரின் கையையும், பயன்படுத்திய பாகங்களையும், அளவெடுத்த கருவியையும் பொறுத்தது. லேத் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்யும் கைதேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். மறுபுறம், ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு முழு ஓவர்ஹோல் என்று கணக்கெழுதுவோரும் இருக்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

மூன்றாவதுதான் உண்மையான மீள்தயாரிப்பு எஞ்சின். உற்பத்தியாளரின் தொழிற்சாலையிலோ அல்லது அதற்கு இணையான நிலையத்திலோ பழைய எஞ்சின் கடைசி ஆணி வரை பிரிக்கப்படும். ஒவ்வொரு பாகமும் சுத்திகரிக்கப்பட்டு, வெடிப்புகள் உள்ளனவா எனச் சோதிக்கப்பட்டு, உற்பத்தியாளர் விதித்த அளவுடன் ஒப்பிடப்படும். எல்லையைத் தாண்டிய பாகங்கள் ஒதுக்கப்பட்டுப் புதியவை பொருத்தப்படும். கோர்த்த பின்னர் எஞ்சின் சோதனை மேடையில் ஓடவிடப்பட்டு, சக்தியும் ஓயில் அழுத்தமும் பதிவு செய்யப்படும். அதன் பின்னரே உத்தரவாதப் பத்திரத்துடன் வெளியே வரும். வாங்குபவர் தமது பழைய எஞ்சினை ஒப்படைத்தால் விலையில் ஒரு பகுதி கழிக்கப்படும். அப்பழையது அடுத்த மீள்தயாரிப்புக்கு மூலப்பொருளாகும்.

உலகில் இத்தொழில் புதியதல்ல. போரினால் நொந்துபோயிருந்த பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949 இல் சுவாசி-லெ-ருவா என்ற இடத்தில் பழைய பாகங்களை மீள்தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் கெட்டர்பிலர் நிறுவனம் 1973 இல் இத்துறையில் இறங்கி, அதைத் தனது முக்கிய வியாபாரங்களில் ஒன்றாக வளர்த்தது. சொல்லுக்கும் வரையறை உண்டு. 2009 இல் வெளியான பிரித்தானியத் தர நியமம் ஒன்று, புதிய பொருளுக்குக் குறையாத செயற்திறனும் புதிய பொருளுக்குக் குறையாத உத்தரவாதமும் இருந்தால் மட்டுமே அதை மீள்தயாரிப்பு எனலாம் என்கிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, பாவித்த வாகனப் பாகங்களை விற்போருக்கென்றே தனி வழிகாட்டல் வைத்திருக்கிறது. பிரித்து, சுத்தம் செய்து, பழுதான பாகங்களை மாற்றிச் சீர்செய்யாத ஒன்றை மீள்தயாரிப்பு என்று அழைப்பது அங்கே வாங்குபவரை ஏமாற்றும் செயலாகக் கருதப்படும். நம் நாட்டில் அதே சொல்லைத் தகரப் பலகையில் எழுதித் தொங்கவிட எவரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆயினும், இந்த நாட்டுக்கு எஞ்சினைப் புதுப்பிக்கத் தெரியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ரயில்வேயின் இயந்திரத் தரிப்பகம் தெமட்டகொடையிலேயே இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 வகை டீசல் ரயில் இயந்திரங்கள் 1954 இல் இலங்கைக்கு வரத் தொடங்கின. அவற்றுட் பல அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் தண்டவாளத்தில் ஓடின. 'மனிடோபா' என்று பெயரிடப்பட்ட 591 ஆம் இலக்க இயந்திரத்தின் கதை யாவரும் அறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி பெரலியவில் சுனாமி அலை அடித்துச் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ரயிலை இழுத்துச் சென்றது அதுவே. கடல் நீரில் மூழ்கி உருக்குலைந்த அந்த இயந்திரம் பின்னர் பணிமனையில் சீர்செய்யப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது.

அதேபோன்று, 1958 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னர், நாடெங்கும் ஓடிய பஸ்களின் எஞ்சின்கள் வெரஹெர மத்திய பணிமனையில் பிரித்துச் சீர்செய்யப்பட்டன. அதற்கான தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றுவிக்கவே 1959 இல் ஜேர்மனியின் உதவியுடன் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. பின்னர் மொறட்டுவைக்கு இடம் மாறிய அந்த நிறுவனத்தில் பயின்றவர்கள் நாடெங்கும் மட்டுமன்றி மத்திய கிழக்கிலும் பணியாற்றினர்.

இவை உணர்த்துவது என்ன? எத்தனை முறை திறக்கப்பட்டாலும், எத்தனை ஆண்டு பழையதானாலும், ஓர் எஞ்சின் ஓடும். ஆனால் எப்போது திறக்கப்பட்டது, எந்த அளவு இருந்தது, எது மாற்றப்பட்டது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். ரயில்வேயும் போக்குவரத்துச் சபையும் தமது சொந்த இயந்திரங்களுக்குச் செய்த பணி அது. வீதியோரச் சந்தையில் காணாமற்போயிருப்பது தொழில் திறனல்ல, அந்தப் பதிவேடுதான்.

இனி, ஜப்பானிய எஞ்சின்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் வாகனங்களுக்குக் குறித்த கால இடைவெளியில் கடுமையான பரிசோதனை கட்டாயம். அதன் செலவைச் சுமப்பதைவிட வாகனத்தைக் கைமாற்றுவதே பலருக்கு இலாபம். அத்துடன், பெருநகரங்களின் காற்று மாசைக் கட்டுப்படுத்த 2001 இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2003 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் டோக்கியோவும் அதைச் சூழவுள்ள மூன்று மாகாணங்களும் புகைத் துகள் எல்லைக்குள் வராத டீசல் வாகனங்கள் தமது வீதிகளில் ஓடுவதைத் தடை செய்தன. இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய லொறிகளும் எஞ்சின்களும் அந்நாட்டுக்கு வேண்டாதவையாகி வெளிநாட்டுச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தன. எல்ஃப், கென்டர் லொறிகளை வைத்திருந்தோருக்கு அது நல்ல காலம். 'ஜப்பான் சாமான்' என்ற சொல்லுக்கு இன்றும் உள்ள மதிப்பு பெரும்பாலும் அக்காலத்தில் சம்பாதிக்கப்பட்டது.

அக்காலம் கடந்துவிட்டது. பம்பும் குழாயும் நொஸிலும் கொண்ட பழைய வகை எஞ்சின்களை எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து மூடுவார். 1995 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹீனோ லொறி ஒன்றில் கொமன் ரெயில் முறையை அறிமுகப்படுத்திய பின்னர் டீசல் எஞ்சினின் தன்மையே மாறியது. எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி இன்ஜெக்டர்களுக்குச் செல்கிறது. இத்தகைய எஞ்சினை வாங்குபவர் இரும்பை மட்டும் வாங்கினால் போதாது. அதற்குரிய கணினி, வயர் தொகுதி, உணரிகள் எல்லாம் பொருந்த வேண்டும். ஒரு இன்ஜெக்டர் பழுதானால் அதன் விலையே வயிற்றில் புளியைக் கரைக்கும். முன்பு 'பார்த்து' வாங்கலாம் என்றிருந்த பொருள், இன்று கருவியால் சோதித்தே வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. சந்தையின் வழக்கமோ பழைய காலத்திலேயே நிற்கிறது.

இதற்கிடையே நாட்டின் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. 2021 இறுதியில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவைத் தொட்டது. புதிய லொறி என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்த ஆண்டுகளில், ஓடிக்கொண்டிருந்த லொறிகளை எப்படியாவது ஓடவைப்பதே ஒரே வழியாக இருந்தது. வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறக்கப்பட்ட போதிலும், வரிகளையும் நாணயப் பெறுமதியையும் சேர்த்துப் பார்க்கும்போது சிறு உரிமையாளருக்குப் புதிய லொறி எட்டாக்கனியே. எனவே பழைய லொறிக்கு மாற்று எஞ்சின் என்பது இன்னும் பல ஆண்டுகளுக்கு இந்நாட்டின் நிலையான தேவை.

பற்றாக்குறை மனிதரை என்னென்ன செய்ய வைக்கும் என்பதை வடக்கு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். உதிரிப்பாகம் வராத ஊரில், இருந்ததைக் கடைந்தும் ஒட்டியும் வாகனங்களை ஓடவைத்த கைகள் போற்றத்தக்கவை. ஆனால் அது வேறு வழியற்ற காலத்தின் சாதனை. பாதைகள் திறந்து, துறைமுகத்தில் கொள்கலன்கள் இறங்கும் காலத்திலும் வாங்குபவரைக் கண்ணைக் கட்டிவிட்ட நிலையில் வைத்திருப்பதற்கு அதை நியாயமாகக் காட்ட முடியாது.

மலிவு என்று எண்ணி வாங்குவது உண்மையில் மலிவா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். உதாரணத்துக்கு, வரலாறு தெரியாத ஓர் எஞ்சின் 6 இலட்சம் ரூபா எனவும், முறையாகச் சீர்செய்யப்பட்டு எழுத்தில் உத்தரவாதம் பெற்ற ஒன்று 10 இலட்சம் ரூபா எனவும் வைத்துக்கொள்வோம். முதலாவது 60,000 கிலோமீற்றரிலும் இரண்டாவது 200,000 கிலோமீற்றரிலும் மீண்டும் வேலைக்கு வருமானால், முதலாவதின் செலவு கிலோமீற்றருக்கு 10 ரூபா. இரண்டாவதின் செலவு 5 ரூபா மட்டுமே. எரிபொருளைச் சேர்த்தால் வேறுபாடு மேலும் விரியும். லீட்டருக்கு 5 கிலோமீற்றர் ஓட வேண்டிய லொறி, தேய்ந்த எஞ்சினால் நாலரை கிலோமீற்றரே ஓடுமானால், 60,000 கிலோமீற்றரில் அது கூடுதலாகக் குடிக்கும் டீசல் ஏறக்குறைய 1,333 லீட்டர். லீட்டர் 280 ரூபா என்று கொண்டால் அது 3 இலட்சத்து 73 ஆயிரம் ரூபா. எஞ்சினை மீண்டும் இறக்கி ஏற்றும் கூலியும், லொறி கராஜில் நிற்கும் நாட்களின் வருமான இழப்பும் இதில் சேர்க்கப்படவில்லை. லொறி நின்றாலும் லீசிங் தவணை நிற்பதில்லை என்பது இத்தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்த உண்மை.

ஆகவே வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளச் சில நடைமுறைகளைக் கைக்கொள்வது நல்லது. சூடேற்றி வைக்கப்பட்ட எஞ்சினைத் தொடக்கிக் காட்டுவதை நம்பக் கூடாது. குளிர்ந்த நிலையில் தொடக்கச் சொல்ல வேண்டும். ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வழியே புகை வேகமாகத் தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளப்பட்டால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன என்பது பொருள். ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிரஷன் அளவையும் மீற்றர் வைத்து எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். மொத்த அளவை விட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடு அதிகம் பேசும். எஞ்சின் நன்கு சூடான பின் ஓயில் அழுத்தம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இயலுமானால் ஓயில் தட்டைக் கழற்றி, அடியில் உலோகத் தூள் படிந்திருக்கிறதா, ஓயில் பால் நிறத்தில் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். இவற்றைச் செய்ய அனுமதிக்காத கடையிலிருந்து வெளியேறுவதே மேல்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்கள் குறித்து விசேட எச்சரிக்கை தேவை. 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோது தெமட்டகொடைக்கு அண்மையில் உள்ள கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் இதே பகுதிகள் வெள்ளத்தைக் கண்டன. நீரில் நின்ற வாகனங்களின் எஞ்சின்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். நீர் புகுந்த நிலையில் ஒருமுறை தொடக்கப்பட்டிருந்தால்கூட கனெக்டிங் ரொட் வளைந்திருக்கக்கூடும். அது உடனே தெரியாது. சுமையேற்றி மலையேறும்போதுதான் தெரியும்.

பலரும் தவறவிடும் மற்றொரு விடயம், பழைய எஞ்சின் எதனால் பழுதானது என்ற கேள்வி. அடைபட்ட ரேடியேற்றரால் சூடேறிச் செத்த எஞ்சினுக்குப் பதிலாக எவ்வளவு நல்ல எஞ்சினைப் பொருத்தினாலும், அதே ரேடியேற்றர் அதையும் கொல்லும். கலப்பட டீசலால் பழுதான பம்பும் நொஸில்களும் புதியதையும் பாழாக்கும். அவற்றை டீசல் பம்ப் ரூமில் கொடுத்துச் சோதித்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். விற்றவர் மீது குறை சொல்ல முன்னர் வாங்கியவர் தமது பக்கத்தில் செய்ய வேண்டிய கடமை இது.

அடுத்தது ஆவணங்கள். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஒரு விபரம். எஞ்சினை மாற்றினால் அதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். லீசிங்கில் உள்ள லொறியாயின், பதிவில் முழு உரிமையாளராக இருப்பது நிதிக் கம்பனியே. அதன் சம்மதமும் வேண்டும். இதை அலட்சியம் செய்வோர் லொறியை விற்கும்போதோ, விபத்து நட்டஈடு கோரும்போதோ, வீதிச் சோதனையிலோ சிக்கிக்கொள்கின்றனர். இலக்கம் சுரண்டப்பட்ட எஞ்சின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். அப்போது காசும் போய், பொலிஸ் நிலையத்துக்கும் நடக்க வேண்டிவரும். விற்பவரின் பெயர், எஞ்சின் இலக்கம், இறக்குமதி ஆவண விபரம் ஆகியவற்றைத் தாங்கிய பில் ஒன்றே அப்போது துணைக்கு வரும்.

சட்டம் வாங்குபவரைக் கைவிட்டிருக்கிறதா என்றால், இல்லை. 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் தமது தேவையைச் சொல்லி விற்பவரின் அறிவை நம்பி வாங்கும்போது, பொருள் அத்தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனைக்குள்ளேயே உட்கிடையாக வைத்திருக்கிறது. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற வாதம், பார்த்தால் தெரியக்கூடிய குறைகளுக்கு மட்டுமே பொருந்தும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளின் தரம் குறித்துப் பொய்யாகக் கூறுவதைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதை வியாபாரியின் கடமையாக்குகிறது. உத்தரவாதத்துக்கு முரணான விற்பனை குறித்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வழி செய்கிறது. ஆனால், வாயால் சொல்லப்பட்ட உத்தரவாதத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது? 'எஞ்சின் 1' என்ற பில்லை வைத்துக்கொண்டு எந்தச் சபையின் முன்னும் வாதாட முடியாது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சான்று கடைக்காரரின் நாக்கில் இருக்கிறது. சிக்கல் இதுவே.

வியாபாரிகளின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. கொள்கலனைத் திறந்து பார்க்காமலே விலை பேசி வாங்குபவர்கள் அவர்கள். வர்த்தமானி அறிவித்தல் ஒன்றுடன் ஒரே இரவில் வரி மாறும் நாட்டில் முதலீடு செய்பவர்கள். ஒருகொடவத்தையின் சுங்கப் பரிசோதனை முற்றத்தில் கொள்கலன் தாமதித்தால் நாட்கூலியும் அவர்கள் தலையிலேயே விழும். பாவித்த பொருளுக்கு இந்த விலையில் புதிய பொருளின் உத்தரவாதம் தர இயலாது என்று அவர்கள் சொல்வது சரியே. ஆனால் உத்தரவாதம் தருவது ஒன்று, உள்ளதை உள்ளபடி சொல்வது இன்னொன்று. திறக்கப்படாத பாவித்த எஞ்சின் என்று எழுதிக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை. பல தலைமுறைகளாக நாணயமாக வியாபாரம் செய்துவரும் கடைகளுக்கு அது இழப்பும் அல்ல. போலிகளிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு.

இவ்வட்டார வியாபாரிகளில் கணிசமானோர் முஸ்லிம்கள். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை அறியாதவர் அவர்களுள் இருக்க மாட்டார்கள். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இஸ்லாமிய வணிகச் சட்டம் வாங்குபவருக்குத் தெளிவாக வழங்கியிருக்கிறது. வர்ணம் பூசிய எஞ்சினுக்குள் இருக்கும் தேய்வும் அந்தக் குவியலின் ஈரமும் வெவ்வேறு அல்ல. தமிழ் வியாபாரிகளின் மரபும் இதற்கு மாறானதன்று. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறைவும் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த வணிக அறம். சட்டம் கேட்கும் முன்னரே அறம் கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம்.

அரசு செய்ய வேண்டியவை பெரும் செலவுக்குரியவை அல்ல. முதலாவதாக, பாவித்த எஞ்சின், ஓவர்ஹோல் செய்த எஞ்சின், மீள்தயாரித்த எஞ்சின் ஆகிய மூன்றுக்கும் இலங்கை கட்டளைகள் நிறுவனம் தெளிவான வரையறை வகுக்க வேண்டும். விற்பவர் இம்மூன்றில் எதை விற்கிறார் என்பதை எஞ்சின் இலக்கத்துடன் பில்லில் எழுத வேண்டும் என்ற பணிப்பைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பிறப்பிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தும் மனமே தேவை.

இரண்டாவதாக, தெமட்டகொடைக்கும் பஞ்சிகாவத்தைக்கும் இடையில் கட்டணம் செலுத்தி எஞ்சினைச் சோதித்துக்கொள்ளக்கூடிய நிலையம் ஒன்றேனும் அமைய வேண்டும். 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை தனியார் நிறுவனங்கள் மூலம் நாட்டில் நடைபெறுகிறது. ஓடும் வாகனத்தின் புகையைச் சோதிக்க ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, விற்பனைக்கு வரும் எஞ்சினைச் சோதிக்க ஏற்பாடு செய்வது இயலாத காரியமல்ல. புகை கக்கும் எஞ்சின் லொறியில் ஏறிய பின் தண்டிப்பதை விட, ஏறுவதற்கு முன் தடுப்பது அனைவருக்கும் நன்மை.

மூன்றாவதாக, உள்ளூர் மீள்தயாரிப்புத் தொழிலை வளர்க்க வேண்டும். அந்நியச் செலாவணியின் அருமையை 2022 இல் வரிசைகளில் நின்று கற்றுக்கொண்ட நாடு இது. முழு எஞ்சினை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக, இங்கே ஏற்கனவே இருக்கும் எஞ்சின் வார்ப்புகளுக்குத் தரமான உட்பாகங்களை மட்டும் இறக்குமதி செய்து மீள்தயாரித்தால் செலாவணி மிஞ்சும். இளைஞருக்கு வேலை கிடைக்கும். அந்த உட்பாகங்களின் மீது வரி குறைக்கப்பட வேண்டும். அளவைக் கருவிகளும் சோதனை மேடைகளும் வாங்கும் பட்டறைகளுக்கு இலகு கடன் வழங்கப்பட வேண்டும். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இப்பட்டறைகளில் அனுபவத்தால் கற்றோருக்குச் சான்றிதழ் வழங்க முன்வர வேண்டும். அப்பயிற்சியும் சான்றிதழும் தமிழிலும் கிடைக்க வேண்டும் என்பதை நாம் தனியாக வலியுறுத்த வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

நான்காவதாக, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்யும் நடைமுறை மாவட்ட அலுவலகங்களில் விரைவாக முடிவதாக இருக்க வேண்டும். வவுனியாவிலோ கல்முனையிலோ உள்ள லொறி உரிமையாளர் ஓர் இலக்கத்தைத் திருத்திக்கொள்வதற்காகப் பல நாள் வருமானத்தை இழக்க நேர்ந்தால், அவர் பதிவு செய்யாமலே விட்டுவிடுவார். சட்டத்தை மீறுவோரை உருவாக்குவது சில வேளைகளில் சட்டத்தின் சிரமமே.

இவை எல்லாம் நடைமுறைக்கு வரும் வரை லொறி உரிமையாளர் காத்திருக்க முடியாது. அவரால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசை எண்ணிக் கொடுக்கும் முன்னர், இந்த எஞ்சின் திறக்கப்பட்டதா இல்லையா, திறக்கப்பட்டிருந்தால் எது மாற்றப்பட்டது, எத்தனை நாளுக்கு, எதற்குப் பொறுப்பு என்ற கேள்விகளுக்கான பதிலைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்பது. ஒருவர் கேட்டால் கடைக்காரர் மறுக்கலாம். லொறி உரிமையாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, எழுதித் தராத கடையில் வாங்குவதில்லை என்று தீர்மானித்தால் மறுப்பவர் எவரும் இருக்க மாட்டார். அதிகார சபைகளை எதிர்பார்த்துக் காத்திருப்பதை விட, இந்தச் சிறு ஒற்றுமை விரைவாகப் பலன் தரும் என்பது எமது உறுதியான கருத்தாகும்.